பூமியின் நாடி பார்ப்பவர்கள்

பொறுமைக்கு உவமை தேடிய நம் முன்னோர் நிலத்தையே எடுத்துக்காட்டினர். வீடு கட்டுபவன் அத்திவாரத்தை நம்புகின்றான். அத்திவாரமோ நிலத்தை நம்புகின்றது. மழை பொய்க்கலாம், பெருங்காற்று அடிக்கலாம், வெள்ளம் வரலாம். காலடியிலுள்ள நிலம் மட்டும் நம்மைக் கைவிடாது என்பது மனிதனின் ஆதி நம்பிக்கை. அந்நம்பிக்கை குலைந்த வேளைகளுக்குக் காரணம் கூறவே, பூமியைத் தாங்கும் ஆதிசேடன் களைத்துத் தலைமாற்றிக்கொள்கின்றான் என்னும் கதையும் எழுந்தது போலும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையில் இலங்கைத் தீவின் தரை மேலெழுந்து கீழிறங்கியது. கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலவில் அளந்தபோது அவ்வசைவு ஒன்பது சென்ரிமீற்றருக்கும் மேற்பட்டது. நம் கைக்கணக்கிற் கூறினால் நான்கைந்து விரற்கடை உயரம். வீடும் வீதியும், வயலும் வாய்க்காலும், கோயிற் கோபுரமும் கூடவே எழுந்து இறங்கின. ஆயினும் அதனை உணர்ந்தவர் எவரையும் காணோம். முற்றத்திற் கோலமிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கை கோணவில்லை. அடுப்பிலிருந்த பால் தளும்பவில்லை. பல்லேகலவிலிருந்த கருவியொன்று மட்டும் அதனை வரைந்து வைத்தது.

கருவி உணர்ந்ததனை மனிதர் உணராமற் போனதன் விலை நமக்குத் தெரியும். ஆகவே, பூமியின் நாடியைப் பார்ப்பது எவ்வாறு, அதனைப் பார்ப்பவர் யாவர், பார்த்தறிந்த செய்தி நம் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்வது எப்படி என்பனவற்றைக் குடும்பத்தோடு இருந்து சிந்திப்பது நன்று.

உணரப்படாத அசைவு

ஒன்பது சென்ரிமீற்றர் அசைவு ஏன் உணரப்படவில்லை என்ற ஐயம் வாசகர்க்கு எழுவது இயல்பே. ஆழ்கடலிற் செல்லும் தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். சிற்றலைகள் தோணியைக் குலுக்குவன. ஆனால் நீண்டு அகன்று மெல்ல வரும் பேரலை, தோணியை அதிலிருப்பவர் அறியாதவாறு உயர்த்தி இறக்கிவிடும். சுமாத்திராவிலிருந்து அன்று வந்த நில அலையும் அத்தகையது. ஓர் ஏற்றத்துக்கும் ஓர் இறக்கத்துக்கும் பல வினாடிகள் எடுத்துக்கொண்டு, ஊரையும் அயலூரையும் ஒருசேரத் தூக்கி, ஒருசேர இறக்கிச் சென்றது. அருகிலுள்ள யாவும் சேர்ந்தே அசையுமாயின், எதனோடு ஒப்பிட்டு அசைவை அறிவது? ஐம்பொறிகளும் அங்கே பயன்படா.

அதற்குத்தான் அசையாத ஒன்று வேண்டும். பேருந்து திடீரெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னே சாய்வதைக் கண்டிருக்கின்றோம். உண்மையில் அவர் பின்னே சென்றாரல்லர்; பேருந்து முன்னே சென்றது, அவர் உடல் இருந்த இடத்திலேயே இருக்க முயன்றது. பாரமான பொருள் எதுவும் தான் இருந்த நிலையை எளிதில் விடாது. நிலநடுக்கப் பதிகருவியின் இரகசியம் முழுவதும் இவ்வளவே. நிலத்தோடு பிணைந்த சட்டமொன்றிலே பாரமான குண்டொன்றைத் தொங்கவிட்டால், நிலம் அசையும்போது சட்டம் அசையும். குண்டோ அசையத் தயங்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுழலும் தாளில் ஊசியொன்று கோடாக வரையும். இக்காலத்துக் கருவிகளில் தாளும் ஊசியும் மறைந்து மின்குறிகளும் கணினியும் வந்துள்ளன. தத்துவம் மட்டும் மாறவில்லை.

கி.பி. 132ஆம் ஆண்டிலேயே சீனத்துச் சாங் ஹெங் என்னும் அறிஞர் இத்தகைய கருவியொன்றைச் செய்தார் என்பர். எண்டிசையும் நோக்கிய எட்டு நாகங்களின் வாயில் எட்டுக் குண்டுகள். கீழே வாய்பிளந்து காத்திருக்கும் எட்டுத் தேரைகள். தொலைவில் நிலம் அதிர்ந்தால் ஒரு குண்டு விழுந்து திசை காட்டும். இக்காலப் பதிகருவியின் தந்தையரில் ஒருவர் ஜோன் மில்ன் என்னும் ஆங்கிலேயர். 1876இல் ஆசிரியராக யப்பான் சென்ற அவரை, அந்நாட்டின் ஓயாத அதிர்ச்சிகளே ஆராய்ச்சியாளராக்கின. 1880 பெப்ரவரியில் யொகோகாமா நகரைக் குலுக்கிய அதிர்ச்சியின் பின், அதே ஆண்டில் யப்பான் நிலநடுக்கவியற் சங்கம் நிறுவப்பட்டது. தாயகம் திரும்பிய மில்ன், தம் கருவிகளைப் பல நாடுகளில் நிறுவச் செய்து, அவற்றின் பதிவுகளைத் தம் இல்லத்திற் சேர்த்து ஒப்பிட்டார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கொடைக்கானலிலும் கொழும்பிலும் அவருடைய கருவிகள் இயங்கின. ஆகவே பூமியின் நாடியைப் பார்க்கும் தொழில் நமக்கு முற்றிலும் புதியதன்று.

நாடியைப் படிக்கும் முறை

வைத்தியர் நாடியை மூன்றாகப் பகுத்து அறிவதுபோல, ஆராய்ச்சியாளரும் அதிர்ச்சியின் அலைகளைப் பகுத்து அறிகின்றனர். நிலம் பிளந்த இடத்திலிருந்து முதலில் வருவது முதன்மை அலை. அது பாறையை முன்னும் பின்னுமாக நெருக்கித் தளர்த்திக்கொண்டு, மேலோட்டிலே வினாடிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அதன் பின்னே பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு துணையலை வரும். அதன் வேகம் குறைவு. இவ்விரண்டுக்கும் பிந்தி, பூமியின் மேற்பரப்பை ஒட்டி உருண்டு வருவன மேற்பரப்பு அலைகள். நம் தீவை ஒன்பது சென்ரிமீற்றர் உயர்த்தி இறக்கியது இம்மூன்றாம் வகையே.

மின்னலைக் கண்டு இடியோசை கேட்கும்வரை எண்ணிப் பார்த்து, மழை எவ்வளவு தொலைவில் என்று கமக்காரர் மதிப்பிடுவதில்லையா? அதே கணக்கு இங்கும் செல்லும். முதன்மை அலைக்கும் துணையலைக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணி எட்டாற் பெருக்கினால், அண்மையிலுள்ள அதிர்ச்சியின் தூரம் ஏறத்தாழக் கிலோமீற்றரிற் கிடைக்கும். இடைவெளி 25 வினாடியாயின் தூரம் 200 கிலோமீற்றர். ஆயினும் ஒரு நிலையம் தூரத்தைக் கூறுமே தவிர, இடத்தைத் திட்டமாகக் கூறுவதற்கில்லை. மூன்று நிலையங்கள் தத்தம் தூரத்தை ஆரையாகக் கொண்டு வட்டமிட்டால், மூன்று வட்டங்களும் சந்திக்கும் புள்ளியே அதிர்ச்சியின் இடம். நிலையங்கள் ஒன்றையொன்று கேளாவிடில் உண்மை புலப்படாது என்பது இவ்விஞ்ஞானத்தின் முதற்பாடம்.

அதிர்ச்சியின் அளவைக் கூறும் முறையை 1935இல் வகுத்தவர் அமெரிக்கரான சார்ள்ஸ் ரிச்டர். பெரும் அதிர்ச்சிகளுக்கு இப்போது வேறு திருத்தமான அளவீடு வழங்குகின்றதாயினும், படிமுறை அதுவே. ஓர் எண் கூடினால் அசைவு பத்து மடங்கு. வெளிப்படும் சக்தியோ ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு. ஆறு என்ற எண்ணுக்கும் ஒன்பது என்ற எண்ணுக்கும் மூன்றுதானே வேறுபாடு என்று எண்ணிவிடலாகாது. சக்தியிலே அது முப்பதினாயிரம் மடங்குக்கும் மேல்.

அயலிலுள்ள அதிரும் தீவுகள்

வங்காள விரிகுடாவுக்கு அப்பால் நமக்கு ஓர் அயல்நாடு உண்டு. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட இந்தோனேசியாவே அது. சுமாத்திரா, யாவா ஆகிய தீவுகளின் வெளிப்புறத்திலே கடலடியில் நீண்ட அகழியொன்று ஓடுகின்றது. நாமும் இந்தியாவும் அமர்ந்திருக்கும் பூமித்தட்டு, அவ்வகழியின் வழியாக அத்தீவுகளின் கீழே நுழைந்துகொண்டிருக்கின்றது. வேகம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் மட்டுமே. விரல்நகம் வளரும் வேகத்தைப் போன்றது. தட்டுகள் இழைந்து வழுக்குமாயின் தீங்கில்லை. அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன, வில்லைப்போல வளைகின்றன, நூறாண்டு, இருநூறாண்டு சேர்ந்த இறுக்கம் ஒருநாள் சில நிமிடங்களில் அவிழ்கின்றது.

அந்நாட்டின் வளிமண்டலவியல், காலநிலையியல், புவிப்பௌதிகவியல் நிறுவனம் யக்கார்த்தாவிலிருந்து இரவு பகலாக நாடு முழுவதன் நாடியையும் பார்க்கின்றது. நூற்றுக்கணக்கான நிலையங்களின் குறிகள் அங்கே வந்து சேர்கின்றன. அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்ச்சிகள் அங்கு பதிவாகியுள்ளன. கணக்கிட்டால் ஒரு மணிநேரத்துக்கு ஒன்றுக்கு மேல்! அவற்றிற் பெரும்பாலானவற்றை மக்கள் உணர்வதேயில்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் இடம், ஆழம், அளவு குறிக்கப்படுகின்றன. கடலடியிலே பெரிதாக ஒன்று நிகழ்ந்தால், சில நிமிடங்களுக்குள் எச்சரிக்கை வெளிவர வேண்டும் என்பது அவர்களின் விதி.

பத்தாயிரம் சிறிய அதிர்ச்சிகளைக் குறித்து வைப்பதாற் பயனென்ன என்று கேட்கலாம். தினமும் நாடி பார்த்த வைத்தியருக்கே நோயாளியின் இயல்பு தெரியும். எங்கே இறுக்கம் சேர்கின்றது, எங்கே நெடுங்காலம் மௌனம் நிலவுகின்றது என்பவற்றை இத்தகைய நாட்குறிப்பே காட்டுகின்றது. ஒன்றை மட்டும் அது காட்டாது: இன்ன நாளில், இன்ன வேளையில், இன்ன இடத்தில் நிலம் நடுங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்றுவரை எவரிடமும் இல்லை. அவ்வாறு நாட்குறித்துக் கைத்தொலைபேசி வழியாக வரும் செய்திகளை நம்புவதும் தவறு. பிறருக்கு அனுப்புவது அதனினும் தவறு.

இரண்டு மணிநேரம்

மேற்கூறிய ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம். அன்று பூரணை, விடுமுறை நாள். இலங்கையில் அப்போது வழங்கிய நேரப்படி காலை 6.58 மணிக்கு வட சுமாத்திராவின் மேற்கே கடலடியில் தட்டு அவிழ்ந்தது. பிளவு வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிழிந்துகொண்டே சென்றது. அதன் அளவு 9.1. அதே வேளையளவிலே கொழும்புக் கோட்டையிலிருந்து தென்திசை நோக்கிப் புகைவண்டியொன்று நிறைந்த பயணிகளோடு புறப்பட்டது.

நான்கு நிமிடங்களுக்குள் முதன்மை அலை பல்லேகலவை அடைந்தது. தொடர்ந்து சில நிமிடங்களில் மேற்பரப்பு அலைகள் தீவைக் கடந்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் அந்நிலையம் உலகளாவிய வலையமைப்பொன்றின் உறுப்பு. அதன் பதிவு பின்னர் உலகெங்குமுள்ள ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் பயன்பட்டது. ஆனால் அக்கணமே அதனைப் படித்து, கரையோர மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு நம் நாட்டில் அன்று இருக்கவில்லை. 1946இல் வந்த ஆழிப்பேரலையின் படிப்பினையாக 1949இல் ஹவாயில் நிறுவப்பட்ட பசிபிக் எச்சரிக்கை நிலையம், பதினைந்து நிமிடங்களில் அறிவித்தல் விடுத்தது. அது தன் பொறுப்பிலிருந்த பசிபிக் சமுத்திரத்துக்கு ஆபத்தில்லை என்றது. இந்து சமுத்திரத்துக்குச் சொல்லவோ, சொன்னாற் கேட்கவோ அமைப்பு எதுவும் இல்லை.

நில அலை நிமிடங்களிற் கடந்த தூரத்தைக் கடல் அலை கடக்க ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆகும். நாலாயிரம் மீற்றர் ஆழமுள்ள கடலில் அதன் வேகம் மணிக்கு எழுநூறு கிலோமீற்றர். ஆகாய விமானத்தின் வேகத்தை நெருங்குவது. எனினும் நிலத்தலையோடு ஒப்பிட்டால் அது நடைதான். அந்த இரண்டு மணிநேரமே இயற்கை நமக்குத் தந்த தவணை. அத்தவணையில் கரையோரங்களிலே பிள்ளைகள் விளையாடினர். நத்தாரின் மறுநாளாதலால் தேவாலயங்களில் வழிபாடு நடந்தது. படகுகள் கரை திரும்பின. பின்பு கடல் வந்தது. ஒன்பதரை மணியளவிற் பெரலியவில் அந்தப் புகைவண்டி அலையில் அகப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர். தீவு முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நம் குடாநாட்டிலே மணற்காடும் மருதங்கேணியும் உடுத்துறையும் சந்தித்த அழிவை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை; உடுத்துறை நினைவாலயத்தின் முன் ஆண்டுதோறும் ஏற்றப்படும் சுடர்களே அதனைக் கூறும்.

வைத்தியர் நாடியைப் பார்த்து நோயை அறிந்தபின்பு, நோயாளிக்கோ வீட்டாருக்கோ கூறாது எழுந்து சென்றால் அந்த அறிவாற் பயன் யாது? அன்று நிகழ்ந்தது அதுவே. குறை கருவியில் இல்லை. கருவிக்கும் கரைக்கும் இடையிலே மனிதச் சங்கிலி இல்லாமையே குறை.

சங்கிலியின் கண்ணிகள்

அச்சங்கிலி இன்று கட்டப்பட்டிருக்கின்றது. 2005இல் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றியது. யூனெஸ்கோவின் முயற்சியால் இந்து சமுத்திர நாடுகளுக்கான எச்சரிக்கை முறை உருவாயிற்று. ஹைதராபாத்திலுள்ள இந்திய நிலையம் 2007இல் இயங்கத் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்களும் ஏனைய நாடுகளுக்குச் செய்தி வழங்கும் பொறுப்பை ஏற்றன. அவை தரும் செய்தியைக் கொழும்பில் வளிமண்டலவியல் திணைக்களம் ஆராய்ந்து எச்சரிக்கை விடுக்கின்றது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதனை மாவட்டந்தோறும் ஊர்தோறும் கொண்டு செல்கின்றது.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி இச்சங்கிலிக்குச் சோதனை வந்தது. அன்று பிற்பகல் இரண்டு மணி கடந்த சிறிது நேரத்தில் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவான அதிர்ச்சி ஏற்பட்டது. எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்நாடு நோக்கிச் சென்றனர். கடலோ பெரிதாக எழவில்லை. காரணம் உண்டு: அன்று கடலடி மேலெழவில்லை, பாறைகள் பக்கவாட்டில் உராய்ந்து வழுக்கின. நீரைத் தூக்குவதற்கு ஏதுமில்லாமையால் பேரலையும் இல்லை. "பொய்யாக ஓட வைத்தார்கள்" என்று குறைகூறியோரும் இருந்திருப்பர். குடை கொண்டுசென்ற நாளில் மழை பெய்யாவிடின் குடையை எவரும் வீசிவிடுவதில்லை. எச்சரிக்கையின் பின் அலை வராத நாளை, ஏமாந்த நாளென்று கொள்ளாது ஒத்திகை நாளென்று கொள்வதே அறிவுடைமை.

சங்கிலி இருந்தும் கடைசிக் கண்ணி அறுந்த கதைகளும் உள. 2018 செப்டெம்பர் 28ஆம் திகதி இந்தோனேசியாவின் பாலு நகரில் 7.5 அளவான அதிர்ச்சி. யக்கார்த்தாவிலிருந்து எச்சரிக்கை வெளியாயிற்று. ஆனால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்தன. அலையோ சில நிமிடங்களில் வந்துவிட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவு, அனாக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் வீழ்ந்து பேரலையை எழுப்பியது. பெரும் நிலநடுக்கம் முன்வராமையால், நிலநடுக்கத்தையே நோக்கியிருந்த எச்சரிக்கை முறை அதனை உரிய வேளையில் உணரவில்லை. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அத்தனை நிலையங்களை வைத்திருக்கும் நாட்டிலேயே இவ்வாறெனின், கருவியிடம் யாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்குவதற்கில்லை.

"இங்கும் நடுங்குமோ?"

நிலநடுக்கம் பற்றிய பாடம் நடக்கும்போதெல்லாம் வகுப்பிலே, "சேர், யாழ்ப்பாணத்திலையும் பூமி நடுங்குமோ?" என்று மாணவரொருவர் கேட்பது வழக்கம். இலங்கை தட்டின் ஓரத்திலன்றி அதன் நடுப்பகுதியில் அமைந்திருப்பதால், யப்பானைப்போலவோ இந்தோனேசியாவைப்போலவோ இங்கு நிலம் அடிக்கடி அதிர்வதில்லை. தீவின் பெரும்பகுதி மிகப் பழைய உறுதியான பாறை. நம் குடாநாடு அதன்மேற் கடலிற் படிந்து இறுகிய சுண்ணக்கல். ஆனால் 'அடிக்கடி இல்லை' என்பதற்கும் 'இல்லவே இல்லை' என்பதற்கும் வேறுபாடு உண்டு. 1615 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பிலே நிகழ்ந்த பெரும் அதிர்ச்சியில் இரண்டாயிரம்பேர்வரை இறந்தனரென்று போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்பு கூறுகின்றது.

அண்மையில் 2020 ஆகஸ்ட் இறுதியிலிருந்து, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகனப் பகுதி மக்கள் பலமுறை சிறு அதிர்வுகளை உணர்ந்தனர். கல்லுடைப்போரின் வெடியோ என்ற ஐயமும் எழுந்தது. வெடியானது எல்லாத் திசையிலும் நிலத்தை வெளியே தள்ளும். நிலநடுக்கமோ சில திசைகளில் தள்ளி, சில திசைகளில் இழுக்கும். பதிகருவியின் கோட்டில் இவ்வேறுபாட்டைக் கண்டறிய இயலும். 2023 பெப்ரவரியிலே புத்தளைப் பகுதியிலும் சிறு அதிர்வு பதிவாயிற்று. இவற்றைப் புவிச்சரிதவியல் ஆய்வு மற்றும் சுரங்கப் பணியகம் பல்லேகல, ஹக்மன, மஹகனதராவ, புத்தங்கல ஆகிய இடங்களிலுள்ள நிலையங்களின் துணைகொண்டு ஆராய்கின்றது. இந்நான்கினுள் நமக்கு அண்மையிலுள்ளது மிகிந்தலைக்கு அருகிலுள்ள மஹகனதராவவே. நமக்கு நிலத்தால் வரக்கூடிய ஆபத்துச் சிறிது. தொலைவில் நிலம் அசைந்து, அது கடலால் வந்துசேரும் ஆபத்தே பெரிது என்பதை இவை யாவும் சேர்ந்து உணர்த்துகின்றன.

கதையும் கட்டளையும்

சுமாத்திராவின் மேற்கே சிமெலு என்றொரு தீவு உண்டு. 2004இல் அதிர்ச்சி தொடங்கிய இடத்துக்கு மிக அண்மையிலுள்ளது. அதன் வடகரையைப் பேரலை அடைய பத்து நிமிடங்கூட ஆகவில்லை. எந்த நிலையமும் எந்தச் சங்கொலியும் அத்தனை விரைவில் உதவியிருக்க முடியாது. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் மட்டுமே! அதே வேளையில் அயலிலுள்ள ஆச்சே மாகாணத்தின் பெருநிலத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

காரணம் ஒரு சொல். 1907இல் அத்தீவைப் பேரலையொன்று அழித்தது. உயிர்தப்பியோர் அதனை 'ஸ்மோங்' என்ற பெயரால் நினைவிற் பதித்தனர். பெரிதாக நிலம் நடுங்கி, கடல் பின்வாங்கினால், பொருளைத் தேடாதே, மலைக்கு ஓடு: இதுவே அச்சொல்லின் பொருள். பாட்டிமார் தாலாட்டிலே பாடினர். பாட்டன்மார் கதையிலே கூறினர். தொண்ணூற்றேழு ஆண்டுகளின் பின் நிலம் நடுங்கியபோது, 1907ஐக் கண்ணாற் காணாத மக்கள் 'ஸ்மோங், ஸ்மோங்' என்று கூவிக்கொண்டு மேட்டுக்கு ஓடினர்.

தமிழராகிய நாம் இவ்விடத்திற் சற்றே நின்று எண்ண வேண்டும். கடல்கோள் என்னும் சொல் நம்மிடம் எத்தனையோ நூற்றாண்டுகளாக உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. குமரியைக் கடல் கொண்ட கதையைப் படிக்காத மாணவர் இல்லை. 1883இல் கிரக்கத்தோவா வெடித்தபோது, காலித் துறைமுகத்திலே கடல் பின்வாங்கித் திரும்பியதும் எழுதப்பட்டிருக்கின்றது. ஆயினும் 2004இல் கடல் வற்றிப் பின்வாங்கியபோது, கரையோரத்திற் பலர் அதன் பொருளை அறியாது, வியந்து வேடிக்கை பார்க்கச் சென்றனர். நாம் இழப்பின் கதையைப் பாதுகாத்தோம். தப்பும் வழியைப் பாதுகாக்கவில்லை. சிமெலுத் தீவார் எழுத்தறிவிலும் இலக்கியத்திலும் நம்மை விஞ்சியவரல்லர். தம் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கூறிவைத்தனர், அவ்வளவே.

வீட்டில் இருக்க வேண்டிய அறிவு

தென்மராட்சியில் வாழும் நாம் திறந்த கடலின் வாயிலில் இருப்பவரல்லேம். எனினும் வடமராட்சி கிழக்கோடு நமக்குக் கொண்டும் கொடுத்தும் வந்த உறவுண்டு. நம் பிள்ளைகள் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தொழில் பார்க்கின்றனர். விடுமுறைக்குக் கடற்கரை நாடிச் செல்கின்றனர். ஆகவே இவ்வறிவு கரையோர மக்களுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கலாகாது.

கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாகவோ நெடுநேரமோ நடுங்கினால், அறிவித்தலை எதிர்பாராது உள்நாட்டுக்கோ மேட்டுக்கோ செல்ல வேண்டும். தொலைவில் நிகழ்ந்த அதிர்ச்சி நமக்குத் தோன்றாமற் போகலாம். எனவே கடல் வழமைக்கு மாறாக வற்றுவதும், பொங்குவதும், பேரிரைச்சல் இடுவதும் போதிய எச்சரிக்கைகள். முதலலை சிறிதாக இருந்தாற் திரும்பிச் செல்லலாகாது. பின்வருவது பெரிதாகலாம், மணிக்கணக்கில் அலைகள் தொடரலாம். நகையையும் உறுதிப்பத்திரத்தையும் தேடி மீண்டும் வீட்டுக்குள் நுழைதல் கூடாது. வானொலியின் அறிவித்தலையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கத்தையும், கிராம அலுவலரின் சொல்லையும் நம்புக, வதந்தியை நம்பற்க. வீட்டுக்குள் இருக்கையிலே நிலம் அதிர்ந்தால், உறுதியான மேசையின் கீழ்ப் பதுங்கித் தலையைக் காத்துக்கொள்க. வயோதிபரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது, எங்கே கூடுவது என்பதனை அமைதியான நாளொன்றில் குடும்பத்தார் பேசி முடிவு செய்துவைப்பது நன்று.

1854ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி யப்பானிலே ஹிரோ என்னும் கிராமத்தைப் பேரலை தாக்கியது. இருளில் வழிதெரியாது தவித்த மக்களுக்கு வழிகாட்ட, ஹமகுச்சி கொரியோ என்பவர் வயலிலிருந்த நெற்போர்களுக்குத் தீமூட்டினார். அவ்வெளிச்சத்தைக் கண்டு பலர் மேட்டை அடைந்தனர். அந்நாளையே உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்தது. கமக்காரனுக்கு நெற்போர் என்பது ஆண்டு முழுவதன் உழைப்பு என்பதைத் தென்மராட்சியாருக்கு விளக்க வேண்டியதில்லை. பதிகருவி எதுவும் இல்லாத அக்காலத்தில் அவரே சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நின்றார்.

இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26ஆம் திகதி காலை 9.25 மணியிலிருந்து இரண்டு நிமிடம் மௌனம் காக்கின்றோம். இறந்தோர்க்கு அது நாம் செலுத்தும் கடன். அந்த இரண்டு நிமிடங்களும் முடிந்தபின், வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர், அம்மம்மாவோ அப்பாச்சியோ தாத்தாவோ, பிள்ளைகளை அருகழைத்து ஒரு வாக்கியம் கூறுவாராக: "மோனை, கடல் வத்தினால் பாக்கப் போகாதை, ஓடு." பல்லேகலவிலும் யக்கார்த்தாவிலும் ஹைதராபாத்திலும் நாடி பார்ப்பவர்கள் தம் கடமையைச் செய்கின்றனர். இந்த ஒரு வாக்கியம் நம்முடைய கடமை.